பல்லியின் வால் மோதிரம்

அந்தக் காலத்தில், பிராணிகள் எல்லாம் பேசிக்கொண்டும், பேசியது போதாமல் வாதாடிக்கொண்டும் இருந்தபோது, மழைக்காலம் வந்தால் அவற்றுக்கு ஒரே பொழுதுபோக்குதான். குளக்கரை மண்டபத்தில் கூடிக் கதையாட்டம் ஆடும். ஆமை கதையை நடத்தும். மற்றவை ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் இறங்கும். "நான் இதைச் செய்கிறேன்" என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு சோழியை உருட்ட வேண்டும். பாதிக்கு மேல் மல்லாந்து விழுந்தால் சொன்னதைச் செய்யலாம். கவிழ்ந்து விழுந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மண்டபத்தில் ஒருவர் ஜெயித்தது கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொள்ளும், தோற்றது தோற்றதுதான். தோகையே இல்லாமல் உள்ளே போன மயில், ஒரு மழைக்காலம் முடிந்ததும் தோகையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது அங்கிருந்துதான்.

அந்த வருஷம் பல்லி ஆட வந்தாள். மண்டபத்திலேயே சின்ன உருவம் அவள்தான்; கர்வத்தில் யானைக்கு இளைத்தவள் இல்லை. கறுப்புப் பட்டை போட்ட அழகான வால் அவளுக்கு. யாராவது பேச வந்தால் முதலில் வாலைச் சுழற்றி முன்னால் வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

ஆனால் அன்று அவள் பெருமையடிக்க வரவில்லை. பாறை இடுக்கில் இரண்டு முட்டை வைத்திருந்தாள். மழைத் தண்ணீர் அங்கேயும் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் மனிதர்கள் அப்போதுதான் சுவர் எழுப்பி, கூரை போட்டு, விளக்கேற்றக் கற்றிருந்தார்கள். ஈரமில்லாத சுவர், விளக்கைச் சுற்றிப் பூச்சி. முட்டைக்கு அதைவிட நல்ல இடம் ஏது? போய்ப் பார்த்தால் அந்த வீட்டு வாசலில் பூனை படுத்திருந்தாள்.

"வீடு என்னுது. சுவரும் என்னுது. சுவத்துல ஊர்றதும் என்னுது" என்றாள் பூனை.

"அதை ஆடித்தான் பார்த்துடுவோமே, அக்கா!" என்றாள் பல்லி.

ஆமை பந்தயத்தை வகுத்தது. மண்டபத்தின் நடுத்தூண்தான் வீட்டுச் சுவர். பல்லி அதன் உச்சிக்குப் போய்விட்டால் எல்லா வீட்டுச் சுவரும் அவளுக்கு. பூனை அதற்குள் அவளைக் கவ்விப் பிடித்துவிட்டால் பல்லியே பூனைக்கு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மழை ஒருமுறை விட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. ஆமை பேசும் வேகம் அப்படி.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஆமை வைத்திருந்த பானைக்குள் கைவிட்டு ஒரு மந்திரச் சாமான் எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான், மாற்றித் தரமாட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த அணிலுக்கும் கை சும்மா இருக்கவில்லை. அதுவும் ஒன்றை எடுத்தது. உள்பக்கம் மட்டும் மழை பெய்யும் குடை வந்தது. விரித்துப் பார்த்துத் தொப்பலாக நனைந்தது.

பூனைக்கு ஒரு சிமிழ் மை கிடைத்தது. கண்ணில் தீட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் மனசில் ஓடுவதெல்லாம் தெரியும். பூனை தீட்டிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அணிலே, என்னைக் குண்டுன்னா நினைக்கிற?" என்றாள். அணில் தூணுக்குப் பின்னால் ஓடியது.

பல்லிக்கு ஒரு மோதிரம் வந்தது. ஆமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இது... வால்ல போடுற... மோதிரம்மா. போட்டா... நீ சொன்னதும் வால் கழண்டு விழும். விழுந்தப்புறமும்... ஆடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பல்லிக்கு முகம் சுண்டிவிட்டது. கழன்று விழுவதற்கு அவளுக்கு வேறு எதுவுமே இல்லையா? ஆனாலும் மோதிரத்தை வாங்கி வாலில் மாட்டிக்கொண்டாள். "என் கைக்கு வந்தது என் சாமான். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, நான் ஆடணும்" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. இடப்பக்கமாகப் போகலாம் என்று பல்லி நினைத்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே பூனை முந்திச் சொல்லி, சோழியும் உருட்டி, இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் என்று மாற்றினாள். பூனை அங்கே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தாள். பின்னால் போவதாகப் போக்குக் காட்டி முன்னால் பாயலாம் என்று தந்திரம் செய்தாள். அந்தத் தந்திரமும் மனசில்தானே பிறந்தது? பூனை ஒரே எட்டில் வந்து, பாதத்தால் அவள் வாலை அமுக்கிக்கொண்டாள்.

"இப்ப முட்டையை நினைக்கிற. பாவம்" என்றாள் பூனை.

அந்தப் 'பாவம்'தான் பல்லியைச் சுட்டது. அவள் தன் வாலைப் பார்த்தாள். ஒவ்வொரு பட்டையையும் பார்த்தாள்.

பூனை சிரித்தாள். "ஓ, வாலைக் கழட்டப் போறியா? தெரியும். கழட்டு, கழட்டு. அதையும் பிடிச்சுக்கிறேன்."

"ஆமை மாமா! நான் என் வாலைக் கழட்டிட்டு உச்சிக்கு ஏறுறேன்!" என்று மண்டபம் அதிரக் கத்திவிட்டுச் சோழியை உருட்டினாள். அத்தனையும் மல்லாந்து விழுந்தன.

வால் கழன்று துள்ளியது. பூனை அதைப் பிடிக்க, முன்போலவே அதன் மனசைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. வால் இடப்பக்கம் குதித்தது, சுருண்டது, நிமிர்ந்தது, அவள் மூக்கிலேயே ஒரு அடி கொடுத்தது. பூனை குனிந்தாள், உற்றுப் பார்த்தாள், மையை இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டு பார்த்தாள்.

"இது என்ன நினைக்குது? ஒண்ணுமே நினைக்கலையே! நினைக்காம எப்படி ஆடும்?"

"வாலுக்கு ஏதுக்கா மனசு?" என்று குரல் மேலேயிருந்து வந்தது.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். தூணின் உச்சியில், வாலில்லாமல் மொட்டையாக, தலையை நிமிர்த்திக்கொண்டு பல்லி நின்றாள். கீழே எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, நாக்கைத் தட்டி, "ச்சு, ச்சு, ச்சு" என்றாள். ஆமை அப்போதுதான், "பூனை... பல்லியைப் பிடிக்க..." என்று கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே முட்டைகள் விளக்கு மாடத்துக்குப் பின்னால் குடியேறின. மோதிரம் ஜெயித்த சாமான் அல்லவா, அவளோடு ஒட்டிக்கொண்டது. கழன்று விழ ஒரு வால் வேண்டுமே, அதனால் வால் மறுபடி முளைத்தது. தோற்றது தோற்றதுதான் என்பதால் பழைய பட்டைகள் மட்டும் திரும்பவில்லை. மொழுக்கென்று, கொஞ்சம் குட்டையாக வந்தது. அணில் உச்சுக்கொட்டிப் பரிதாபப்பட்டது.

"போடா. அது வெறும் அழகான வாலு. இது ஜெயிச்ச வாலு" என்றாள் பல்லி.

அன்று முதல்தான் அறுந்து துள்ளும் வாலைக் கண்டால் பூனை பல்லியை மறந்துவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அன்று முதல்தான் வீட்டுச் சுவரெல்லாம் பல்லிக்குச் சொந்தம். நாம் கல்யாணம், காட்சி என்று முக்கியமாக ஏதோ பேசும்போது அது "ச்சு, ச்சு" என்றால், நம் காரியத்துக்குத்தான் பலன் சொல்கிறது என்று நாமும் விரலால் தரையைத் தட்டிக்கொள்கிறோம். அது நம்மைப் பற்றிச் சொல்வதே இல்லை. தான் ஜெயித்த கதையை இன்னொரு தரம் சொல்லிக்கொள்கிறது, அவ்வளவுதான்.