வைத்தியர் ஆசனத்தில் ஓர் ஓலை

முன்னொரு காலத்தில், ஒரு துறைமுக நகரத்தில் விஷக்காய்ச்சல் பரவியிருந்தபோது நடந்தது இது. காய்ச்சல் முதலில் கப்பலாட்களைப் பிடித்தது. பிறகு கடைத்தெருவுக்கு வந்தது. நோயாளிகளோடு நோயாளியாகக் கிடந்து பாடுபட்ட அரசு மருத்துவசாலைத் தலைமை வைத்தியரையும் அது கொண்டுபோய்விட்டது. அவர் இடத்துக்கு உடனே ஒருவரை நியமித்தாக வேண்டும்.

அந்த நாட்டு அரசர் நல்லவர்தான். ஆனால் புதுமை எதைக் கண்டாலும் அவர் மனம் அதன் பின்னாலேயே போய்விடும். அயல்நாட்டு வணிகர்கள் அப்போது அவருக்கு ஒரு பொறியைக் காணிக்கையாகத் தந்திருந்தார்கள். செயற்கை அறிவு கொண்ட பொறி அது. உலகத்து ஏடுகளை எல்லாம் படித்திருந்தது. இன்னது வேண்டும் என்று சொன்னால் கண் இமைப்பதற்குள் அழகான நடையில் எழுதித் தரும். பதவி வேண்டுவோர் எல்லோரும் அதைக்கொண்டே விண்ணப்பம் எழுதலாம், மிகச் சிறந்த விண்ணப்பத்துக்கே பதவி என்று அரசர் முரசறைவித்தார்.

அவையில் விகடராக இருந்த அம்பலக்கூத்தருக்கு இது சரியாகப் படவில்லை. விண்ணப்பத்தோடு ஆளையும் பார்க்க வேண்டும், நாலு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார் அரசர்.

கூத்தர்மீது நெடுநாள் பொறாமை கொண்டிருந்த பிரதானி மாறப்பர் இதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அக்காள் மகன் திருவேங்கையும் விண்ணப்பம் போட்டிருந்தான். பொறி வந்தபிறகு தம் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போகுமோ என்று விகடர் அஞ்சுகிறார், தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள், ஆணையை மீறினால் நாடு கடத்துங்கள் என்று அரசரிடம் ஓதினார். அரசரும் இசைந்தார்.

"வந்த விண்ணப்பங்களில் மிகச் சிறந்ததைத் தேர்ந்து, அதைத் தலைமை வைத்தியர் ஆசனத்தில் அமர்த்துக. இந்த ஆணையில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது" என்று கூத்தரிடம் சொன்னார்.

கூத்தர் தம்மிடம் வந்த எல்லா ஓலைகளையும் படித்தார். பாதிக்குமேல் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. எல்லோரும் தன்வந்திரியின் அருள் பெற்றவர்கள். எல்லோரும் எண்ணற்ற உயிர்களைக் காத்தவர்கள். அவற்றில் திருவேங்கையின் ஓலைதான் நடையழகில் தலைசிறந்தது. அதை விட்டுவிட்டால் நாடு கடத்தல். அவனை அமர்த்தினால், அவன் யாரென்றே தெரியாமல் ஊர் உயிரை அவன் கையில் கொடுப்பது.

மறுநாள் காலையில் அரண்மனைப் பல்லக்கு மருத்துவசாலைக்குப் புறப்பட்டது. அதனுள்ளே திருவேங்கை இல்லை; அவன் ஓலை மட்டும் பட்டுத்துணியில் இருந்தது. கூத்தர் அதை இரு கைகளாலும் ஏந்திப்போய்த் தலைமை வைத்தியர் ஆசனத்தில் வைத்து, பதவிக்குரிய தலைப்பாகையையும் அதற்குச் சூட்டினார். பிறகு பக்கத்தில் கைகட்டி நின்றார்.

செய்தி கேட்டு அரசர் கொதித்துப்போய் வந்தார். மாறப்பரும் மருமகனோடு பின்னாலேயே வந்தார்.

"கூத்தரே, சாவு விழுகிற வீட்டில் விளையாடுகிறீரா?"

"அரசே, விளையாட எனக்கும் மனமில்லை. சிறந்த விண்ணப்பத்தை ஆசனத்தில் அமர்த்தச் சொன்னீர்கள். அமர்த்தியிருக்கிறேன். எழுதியவரை அமர்த்தும்படி ஆணையில் இல்லை."

அரசர் பதில் சொல்வதற்குள், தோளில் குழந்தையோடு ஒரு மீனவப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முன்னால் நிற்பது அரசர் என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

"வைத்தியரு வந்துட்டாருன்னு சொன்னாங்களே, எங்க சாமி? பிள்ளை நேத்துலேருந்து கண்ணே தெறக்கல."

அவள் ஆசனத்தைப் பார்த்தாள். தலைப்பாகைக்கடியில் இருந்த ஓலையைப் பார்த்தாள். பிறகு அரசரைப் பார்த்தாள். அரசர் தலை குனிந்தது.

உள்ளேயிருந்து பூரணவல்லி என்ற வைத்தியப் பெண் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நெற்றியையும் நாவையும் பார்த்துவிட்டு, சீரகக் கஞ்சி கொண்டுவரும்படி சொல்லி, ஈரத்துணி சுற்றினாள். பழைய தலைமை வைத்தியர் இறந்த நாளிலிருந்து மருத்துவசாலையை அவள்தான் தாங்கிக்கொண்டிருந்தாள்.

அரசர் ஆசனத்திலிருந்த ஓலையில் கண்ணை ஓட்டிவிட்டுத் திருவேங்கையிடம் திரும்பினார். தென்தீவில் இதே காய்ச்சலை ஒழித்ததாக உன் ஓலை சொல்கிறதே, முதலில் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார். அவன் உண்மையை ஒப்புக்கொண்டான். பெரிய பதவிக்குத் தக்கதாக எழுது என்று மட்டுமே பொறியிடம் சொன்னானாம். அது எழுதியதை முழுக்கப் படித்துப் பார்க்கவும் இல்லையாம்.

"அப்படியானால் உனக்கு உண்மையில் என்னதான் தெரியும்?" என்றார் கூத்தர்.

"எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவேன். ஏழு வருஷம் படித்தேன். அதை எழுதினால் சின்னதாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்."

மாறப்பர் பூரணவல்லியைக் காட்டி, இவளும் விண்ணப்பம் போட்டவள்தான், பொறியிடம்தான் எழுதி வாங்கினாள் என்றார். அவள் மறுக்கவில்லை.

"வாங்கினேன், அரசே. எனக்குக் கோவையாக எழுத வராது. செய்ததையெல்லாம் நானே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது ஒழுங்குபடுத்தித் தந்தது. என் கையில் யாரும் இறந்ததில்லை என்று தானாகச் சேர்த்திருந்தது. அதை அடித்துவிட்டேன். இறந்திருக்கிறார்கள்."

அடித்தல் திருத்தல் இருக்கிறதென்று, விண்ணப்பங்களை வாங்கிவைத்த மாறப்பரின் ஆட்கள் முதலிலேயே ஒதுக்கிய ஓலை அது. அரசர் அதை வரவழைத்துப் படித்தார். படித்த ஒவ்வொன்றையும் பற்றி அவளிடம் கேட்டார். தெரிந்ததற்குப் பதில் வந்தது; தெரியாததற்குத் தெரியாது என்று வந்தது. அங்கேயே அவளைத் தலைமை வைத்தியராக்கினார். திருவேங்கையை விரட்டவில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் அவளுக்குக் கீழே வேலை செய்யச் சொன்னார். பொறி இருக்கட்டும், ஆனால் விண்ணப்பித்தவர் தம் ஓலையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நேரில் பதில் சொல்ல வேண்டும் என்று ஆணையை மாற்றினார்.

கூத்தர் மட்டும் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"காலையில் அமர்ந்த ஓலை வைத்தியர் இன்னும் ஆசனத்தில் இருக்கிறார், அரசே. தங்கள் ஆணையால் அமர்ந்தவரை நான் எழுப்ப முடியாது. எழுந்திருக்கச் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்."

அரசர் சிரித்துவிட்டார். காய்ச்சல் வந்தபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தர் கழுத்தில் போட்டார்.

காய்ச்சல் மேலும் சில உயிர்களை வாங்கிக்கொண்டுதான் ஊரைவிட்டுப் போனது. மீனவப் பெண்ணின் குழந்தை மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்று அழுதது.