வெங்காயம் உரித்த ராஜா

முன்னொரு காலத்தில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடந்த செங்கழனி நாட்டை உத்தமராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போடுவார், மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் பாடு பெரும்பாடு.

அவருக்கு ஒரே தம்பி, செங்கோடன். ஐப்பசி வெள்ளத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். செய்தி காதில் விழுந்த அன்றே ராஜா சபையைக் கூட்டினார்.

“இனி இந்த நாட்டில் யாரும் அழக்கூடாது. என் தம்பியின் பேச்சை யாரும் என் காதில் போடக்கூடாது. மீறினால் எல்லைக்கு அப்பால் விரட்டிவிடுவேன்!”

“பிரமாதமான சட்டம்!” என்று முதலில் கைதட்டியவர் அரண்மனை அதிகாரியான காரியக்காரர் நாகலிங்கம். ராஜா தும்மினால்கூடப் பிரமாதம் என்பவர் அவர். தலைமை அமைச்சர் குழந்தைவேலரைக் கீழே இறக்கி, அந்த ஆசனத்தில் தான் ஏற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இந்த ஒரு கட்டளையை மட்டும் ராஜா மாற்றவே இல்லை. ஆனால் சட்டம் போட்டால் துக்கம் ஓடிப்போய்விடுமா? அழ வேண்டியவர்கள் இடம் தேடினார்கள். அது அரண்மனை மடைப்பள்ளியில் கிடைத்தது. சின்ன வெங்காயம் உரிப்பவள் கண்ணில் தண்ணீர் வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? வாயில்காவலன் வந்து, “நானும் கொஞ்சம் உரிக்கிறேன்” என்றான். யானைப்பாகன் வந்தான். ஒருநாள் சேனாதிபதியே மீசையைத் தடவிக்கொண்டு ஒரு முறம் வெங்காயத்தோடு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ராஜாவுக்கு மூன்று வேளையும் வெங்காயக் குழம்பு, வெங்காயத் துவையல், வெங்காயப் பச்சடிதான். அவர் எதையும் வாயில் வைத்தால்தானே அது தெரியும்!

மடைப்பள்ளி அமைச்சரின் பொறுப்பில் இருந்தது. நாகலிங்கம் மூன்று நாள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நான்காம் நாள் சமையற்காரி அங்கம்மையைச் சபைக்கு இழுத்துவந்தார்.

“மகாராஜா, இவள் அழுதாள்! அமைச்சர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்!”

“வெங்காயம் உரிச்சேன், மகாராசா” என்றாள் அங்கம்மை. எல்லைக்கு அப்பால் அவளுக்கு நாதி இல்லை. வீட்டில் நடக்கப் பழகாத குழந்தை ஒன்று இருந்தது.

“பொய்! வெங்காயக் கண்ணீர் எனக்குத் தெரியாதா?” என்றார் நாகலிங்கம். “முறத்தை நகர்த்தி முகத்தைக் கழுவினால், நூறு எண்ணுவதற்குள் நின்றுவிடும். நான் எண்ணினேன். இவளுக்கு நிற்கவே இல்லை.”

ராஜா அமைச்சரைப் பார்த்தார். “என்ன சொல்கிறீர்?”

“நல்ல சோதனை, மகாராஜா” என்றார் குழந்தைவேலர். “ஒரே ஒரு குறை. துக்கமே இல்லாத ஒருவருக்கு நூறுக்குள் நிற்கிறதா என்று சபைக்குக் காட்டிவிட்டால், அங்கம்மையை நானே எல்லைவரை கொண்டுபோய் விடுகிறேன். அப்படி ஒருவர் வேண்டுமே. நம் நாட்டில் துளிகூடத் துக்கம் இல்லாதவர் யார், காரியக்காரரே?”

நாகலிங்கம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

“இதென்ன கேள்வி? நம் மகாராஜாதான்!”

“ஆமாம்” என்றார் ராஜா, நிமிர்ந்து உட்கார்ந்து. “ஆறு மாதமாக என் கண் நனைந்ததில்லை. கொண்டுவாருங்கள் முறத்தை.”

ராஜா உரித்தார். அரிவாள்மணையில் நறுக்கவும் செய்தார். கண்ணில் நீர் வந்தது. முறத்தை நகர்த்தினார்கள், முகத்தைக் கழுவினார்கள். நாகலிங்கம் குரலெடுத்து எண்ணத் தொடங்கினார். ஐம்பது. அறுபது. ராஜாவின் கண்ணீர் தாடியில் இறங்கியது. எண்பதுக்கு மேல் நாகலிங்கத்தின் வாய் நொண்டத் தொடங்கியது. தொண்ணூற்றொன்பதில் நின்றே போனது.

“மேலே எண்ணுங்கள்” என்றார் அமைச்சர்.

“நூறு என்றா சொன்னேன்? ஆயிரம், ஐயா, ஆயிரம்!”

“அப்படியானால் அங்கம்மைக்கும் ஆயிரம்தானே?”

“அவளுக்கு வந்ததும் வெங்காயக் கண்ணீர்தான்! சத்தியமாக வெங்காயம்தான்!” என்று கத்தினார் நாகலிங்கம். சபையில் யாரோ சிரித்தார்கள்.

ராஜா சிரிக்கவில்லை. தோள் குலுங்க அழுதார். “அவனுக்கு நீச்சல் தெரியாது, அமைச்சரே. ‘அண்ணா, தண்ணீர் பெருகி வருகிறதே’ என்றான். ‘பயந்தாங்கொள்ளி, போய்விட்டு வா’ என்று நான்தான் அனுப்பினேன். தனியாகத் தண்ணீரில் என்ன பாடுபட்டானோ!”

அங்கம்மை ஓரடி முன்னே வந்தாள்.

“தனியா இல்லை, மகாராசா” என்றாள் அங்கம்மை. “படகு ஓட்டினது என் வீட்டுக்காரர். அவருக்கு நல்லா நீச்சல் தெரியும். மறுநாள் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் கரையில எடுத்தாங்க. இளவரசர் இடுப்பைச் சுத்தி அவர் கை இருந்துச்சு. பிரிக்கவே கஷ்டமா இருந்துச்சு.”

“இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?”

“சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே கட்டளை போட்டீங்க!”

ராஜா கையை நீட்டினார். நாகலிங்கம் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்த சட்ட ஓலையை வாங்கிக் கிழித்துப்போட்டார். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். அங்கம்மையின் குழந்தை அரண்மனைப் பிள்ளையாக வளரட்டும் என்றார்.

“உமக்கும் ஒரு வேலை, காரியக்காரரே. இனி தினமும் மண்டபத்தில் உட்காரும். மனசு சரியில்லை என்று யார் வந்தாலும் சொல்லி முடிக்கும்வரை கேளும். புத்தி சொல்லக்கூடாது. ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“பிரமா...” என்று ஆரம்பித்த நாகலிங்கம், “ம்” என்றார்.

அன்று சபையில் வேறு எந்த வழக்கும் நடக்கவில்லை. ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, அங்கம்மைக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அவன் இடுப்பைச் சுற்றிக் கை இருந்தது என்றாயே, அம்மா” என்றார். “அதை இன்னொரு தடவை சொல்லு.”