வெங்காயம் சிவக்கும்வரை

“மதாம், வெங்காயம் என்னை ஏமாத்துது” என்றார் தணிகாசலம்.

மண்டபம் மண்டபமாகப் போய் அண்டா அண்டாவாகச் சமைத்த கை அது. புதுச்சேரியில் அவர் பிரியாணியைத் தின்னாத ஒருவர் இருந்தால், அவர் நேற்றுதான் ஊருக்கு வந்தவராக இருக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர், தன்னைவிட வயதில் ரொம்பச் சின்னவளான ஒதீலின் சமையலறை வாசலில் கைகட்டி நின்றார்.

ஒதீல் சின்னதாக ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். அவள் வைக்கும் வெங்காய சூப்புக்கு ஊரில் தனிப் பெயர்.

“எப்படி ஏமாத்துது, மாஸ்டர்?”

“வெள்ளையா இருக்கு, வெள்ளையாவே இருக்கு. சரி, தீயைக் கூட்டுவோம்னு கூட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா கரி.”

“ஏன் வேற பக்கம் திரும்பினீங்க?”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

“இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த சூப்பு?”

அவர் வாய் சும்மா இருந்தால்தானே! மகள் இன்பவல்லிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை தானியேல் தங்கமான பையன். அவன் அப்பா அம்புரோஸ்தான் சிக்கல். மனைவி இறந்துபோன நாளிலிருந்து மனிதர் வீட்டில் வாயே திறப்பதில்லை. சாப்பாடு வைத்தால் கொறிப்பார், எழுந்து போய்விடுவார். “அப்பா, அந்த வீட்ல சுவர்க்கடிகாரம் மட்டும்தாம்பா பேசுது. நான் எப்படிப்பா அங்க இருப்பேன்?” என்று இன்பவல்லி அழுதுவிட்டாள்.

அந்த அம்மாள் உயிரோடிருந்தவரை ஞாயிறுதோறும் வெங்காய சூப்பு வைப்பாராம். தானியேல் சொன்னதுதான் தாமதம், தணிகாசலம் மார்தட்டிவிட்டார். “நான் வைக்கிறேன் சூப்பு. ஒரு வாய் குடிச்சா உங்கப்பா பேசுவார் பாருங்க!”

“இப்ப முழிக்கிறேன், மதாம்.”

ஒதீல் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். “அது என்ன?”

“ரொட்டி. சூப்புல போடணும்னாங்களே. இப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்தது, சுடச்சுட.”

ஒதீல் ரொட்டியைக் கிள்ளிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். துண்டு போட்டு ஜன்னல் விளிம்பில் பரப்பினாள்.

“ரொட்டி இன்னும் ஆகல. நாளைக்கு வாங்க.”

நல்ல ரொட்டியைக் காயப்போட்டுவிட்டு ஆகவில்லை என்கிறாளே என்று முனகிக்கொண்டே தணிகாசலம் வீடு போனார்.

மறுநாள் ரொட்டி கல்லாக இருந்தது. ஒதீல் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“இப்ப ஆச்சு. இனி சூப்புல கரையாது. வெங்காயத்தை அரிங்க.”

அரிவதில் அவரை அடிக்க ஆள் உண்டா? கண் மூடித் திறப்பதற்குள் மலையாகக் குவித்துவிட்டார். ஒதீல் வெண்ணெயை உருக்கி, வெங்காயத்தைக் கொட்டி, தீயை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குறைத்தாள்.

தணிகாசலத்துக்குக் கை நமநமத்தது. “இந்தத் தீயில பால்கூடக் காயாது மதாம். கொஞ்சம் சோடா உப்புப் போட்டா சட்டுனு சிவந்துடும்.”

ஒதீல் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கிண்டினார். வெங்காயம் வெள்ளையாகவே இருந்தது. கை மெல்ல அடுப்புத் திருகுப் பக்கம் போனது.

“ஒரு ராஜா இருந்தாராம்” என்றாள் ஒதீல்.

கை நின்றது.

“உங்க சம்பந்தி என்ன உத்தியோகம் பார்த்தாரு?”

“சரித்திர வாத்தியார்.”

“அப்ப கேப்பாரு, இதை யார் முதல்ல பண்ணினதுன்னு. கிண்டிக்கிட்டே கேளுங்க. ஒரு ராஜா வேட்டைக்குப் போனாராம். காட்டு மாளிகைக்குத் திரும்பி வந்தா அகோரப் பசி. அலமாரியில வெங்காயமும் வெண்ணெயும் ஷாம்பெயினும் தவிர ஒண்ணுமில்ல. மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வச்சாராம்.”

“ராஜாவேயா?”

“ராஜாவேதான்.”

தணிகாசலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ராஜா சமைத்த பண்டம்! வெங்காயம் கண்ணாடி போல் ஆகியிருந்தது. கை மறுபடியும் திருகுப் பக்கம் போனது.

“ஆனா அது கட்டுக்கதைன்னு சொல்றாங்க” என்றாள் ஒதீல்.

“ஐயையோ! அப்ப நிஜம்?”

“பாரிசுல ஒரு பெரிய சந்தை இருந்துச்சு. விடியக்காலம், எலும்பு நடுங்குற குளிர். மூட்டை தூக்குறவங்க இதைக் குடிச்சுத்தான் உடம்பைச் சூடாக்கிக்குவாங்க. நாடகம் பார்த்துட்டு வர்ற பணக்காரங்களும் பட்டுச் சட்டையோட அவங்க பக்கத்துல நின்னு குடிப்பாங்களாம். மேல உருகின சீஸை இழுத்தா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தாடியில ஒட்டும்.”

தணிகாசலம் தன் மீசையைத் தடவிச் சிரித்தார். வெங்காயம் மஞ்சளாகிவிட்டது. வாசனை அறையை நிறைத்தது. அவர் கை மூன்றாம் முறையும்...

“அவங்களும் முதல் ஆளுங்க இல்ல.”

“மதாம்!”

“அதுக்கு எவ்வளவோ முன்னாடியே, ஒண்ணுமில்லாத வீட்டுல காய்ஞ்ச ரொட்டி கிடந்துச்சு. வெங்காயம் கிடந்துச்சு. பிள்ளைங்க பசிக்குதுன்னாங்க. அந்த வீட்டுக்காரி பேரை யாரும் எழுதி வைக்கல.”

தணிகாசலம் சட்டியை ஒரு சுற்றுக் கிண்டினார். அப்புறம் கோபம் வந்தது.

“ராஜான்னீங்க, மூட்டைக்காரன்னீங்க, இப்ப வீட்டுக்காரின்றீங்க. எதுதான் நிஜம்? சம்பந்திகிட்ட நான் எதைச் சொல்ல?”

“சட்டியைப் பாருங்க.”

பார்த்தார்.

வெங்காயம் தேன் நிறத்தில் பளபளத்தது. ஓர் இழைகூடக் கருகவில்லை.

தணிகாசலத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சின்னவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. தணிகாசலம் வீட்டுக் கூடத்தில் உறவுக்கூட்டம். சமையலறையில் எலும்புச் சாறு தயார், காய்ந்த ரொட்டி தயார், துருவிய சீஸ் தயார். வெங்காயம் மட்டும் இளந்தீயில்.

வாசனை பிடித்து வந்தாரோ என்னவோ, அம்புரோஸ் சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். வழக்கம்போல வாய் மூடியே இருந்தது. பின்னால் தானியேலும் இன்பவல்லியும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

“வாங்க சம்பந்தி” என்றார் தணிகாசலம், கிண்டுவதை நிறுத்தாமல். “இதை முதல்ல பண்ணினது ஒரு ராஜாவாம். வேட்டைக்குப் போனாராம். வழியில குதிரை நொண்டிப்போச்சாம்...”

அம்புரோஸ் முகம் சுளித்தது. தணிகாசலம் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அளந்தார்.

“தேரை அனுப்புன்னு ஆள் விட்டாராம்...”

“தேரா?” என்றார் அம்புரோஸ்.

குரல் துருப்பிடித்திருந்தது. ஆனால் குரல்தான்.

“குதிரை நொண்டலை. தேருமில்ல. யார் உங்களுக்கு இப்படித் தப்பும் தவறுமா சொன்னது?”

“ஏன் சம்பந்தி, கதை வேறயா?”

அம்புரோஸ் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ கிண்டுவா. நான் சொல்லுவேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்.” தொண்டையைச் செருமினார். “முதல்லேர்ந்து சொல்றேன். கேளுங்க.”

இன்பவல்லி தானியேலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மாஸ்டர், பசி உயிர் போகுது!” என்று கூடத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

வெங்காயம் சிவக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தணிகாசலத்தின் கை திருகுப் பக்கம் போனது.

தீயை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.