ஆற்றைத் தாண்டாத தண்டோரா

மழைகூடத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெய்ய வேண்டும் என்று நினைக்கிற ராஜா ஒருத்தர், ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கா நாட்டை ஆண்டு வந்தார். பெயர் மகுடவர்மர். மனசில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் சபையைச் சுற்றிப் பார்த்தவருக்கு அப்படி ஒன்று வந்துவிட்டது. "ஆற்றுக்கு அக்கரையில் அத்தனை மலைக்குடிகள் இருக்கிறார்களே, இந்த ஆசனங்களில் ஒருத்தரையும் காணோமே, ஏன்?"

மந்திரி திருமேனியார் எழுந்தார். "அவர்களுக்குப் பதவியில் ஆசை இல்லை, பிரபு. இடம் காலியானால் தண்டோரா போடுகிறோம். அன்று விளக்கு வைப்பதற்குள் வந்து நிற்கிறவர்களில் ஒருவருக்குத்தான் வேலை. அவர்கள் வந்ததே இல்லை."

வாசலோரம் நஞ்சி நின்றிருந்தாள். மலைக்குடிப் பெண், ஏரிகளின் துணை அதிகாரி. தலைமை அதிகாரி இடம் காலியான சேதி, அதில் வேறொருவர் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரியவரும். இப்போது மறுபடி காலி. தன் அக்காள் மகன் சிங்காரத்துக்கென்று திருமேனியார் அதைப் பொத்தி வைத்திருந்தார்.

"மந்திரி சொல்வது நிஜமா, நஞ்சி?"

"நாளைக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், மகாராஜா. போடுகிற வேலையை மட்டும் என்னிடம் விடுங்கள்."

"உங்கள் ஆட்கள் வராவிட்டால்?" என்றார் திருமேனியார்.

"இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு மலையேறிவிடுகிறேன், ஐயா."

மறுநாள் மாலை சபை முழுக்கக் கம்பளி போர்த்திய மலைக்குடிகள். நஞ்சியும் அவர்களோடு நின்றாள். ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

"உம் மருமகன் எங்கே?" என்றார் ராஜா.

நஞ்சி மெதுவாகச் சொன்னாள்: "அவருக்குப் பதவியில் ஆசை இல்லை போலிருக்கிறது, மகாராஜா. தண்டோரா போட்டோமே."

"எங்கே போட்டாய்? எங்கள் தெருவில் சத்தமே இல்லையே!" என்றார் திருமேனியார்.

"அக்கரையில், ஐயா. மலையடிவாரத்தில்."

"அங்கே அடித்தால் இங்கே இருக்கிறவனுக்கு எப்படியம்மா கேட்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"இத்தனை வருஷம் நீர் எங்கே அடித்தீர்?" என்றார் ராஜா.

"அரண்மனையைச் சுற்றி... நாலு தெருவில், பிரபு."

"சரி, அவனையும் கூப்பிடுங்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி."

சிங்காரம் ஓடி வந்தான். ராஜா கேட்டார்: "பெருமழை. ஏரிக்கரை உடையப் போகிறது. தலைமை அதிகாரி நீ. முதலில் என்ன செய்வாய்?"

அவன் யோசிக்கவே இல்லை. "நஞ்சியக்காவுக்கு ஆள் அனுப்புவேன், மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களையும் கேட்டுவிட்டு, முத்திரை மோதிரத்தை நஞ்சியின் கையில் வைத்தார்.

இப்போது அவளுடைய பழைய இடம் காலி. அதற்குத் தண்டோரா இரண்டு கரையிலும் போனது. ஆற்றில் இறங்கிய தண்டோராக்காரனுக்குப் பின்னால், ராஜா உத்தரவுப்படி, மந்திரி திருமேனியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோனார்.