எட்ட விளைந்த கத்தரிக்காய்

ரொம்ப காலத்துக்கு முன்னால், இப்போது தேடினாலும் கிடைக்காத மருதக்கரை என்ற நாட்டைக் கனகசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பேச்சே அவருக்கு வேதம். இன்னொரு வியாதியும் உண்டு. தன் முத்திரை விழுந்த ஓலையைத் தலையே போனாலும் மாற்ற மாட்டார்.

அரண்மனைக்கு அரிசி, காய்கறி வாங்கிப் போடும் அதிகாரி பிரதாபன். ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி திருமேனியாரையே கேட்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றார்.

"மன்னா, கோட்டை வாசல் சந்தையில் விற்கிற கத்தரிக்காயைத்தான் குதிரைக்காரனும் தின்கிறான், தாங்களும் தின்கிறீர்கள். எனக்கே மனசு கேட்கவில்லை."

ராஜா பிசைந்த சோற்றைக் கீழே வைத்தார். "வேறு எதைத் தின்பது?"

"என் மைத்துனன் ஊர்க் காய். பத்து நாள் வண்டிப் பயணம். தூரத்திலிருந்து வருவதுதானே ராஜாக்களுக்கு அழகு?"

அவ்வளவுதான், ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. ஓலையைப் பிரதாபனே எழுதினார். கவிராயர் என்ற நினைப்பு வேறு அவருக்கு உண்டு. அதனால் சும்மா எழுதாமல், ஓசை நயத்தோடு எழுதினார்: 'எட்ட விளைந்ததே அரண்மனைக்கு ஆகும், எட்டாதது ஆகாது.' ராஜா தலையை ஆட்டி ரசித்து முத்திரை குத்தினார். கூடவே இன்னொரு வாய்மொழி உத்தரவும் போட்டார். தூரத்து வண்டிகள் நிற்க இடம் வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் கோட்டை வாசலில் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தையைக் காலி செய்துவிட வேண்டுமாம்.

திருமேனியார் அந்த ஓலையை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

வண்டிகள் வந்தன. பத்து நாள் வெயிலில் வந்த கத்தரிக்காய் எப்படி இருக்கும்? தோல் சுருங்கி, உள்ளே கறுத்துப் போயிருந்தது. கூடவே வந்த கீரையை மாட்டுக்குப் போட்டால் மாடு கோபித்துக்கொள்ளும்.

"பிரதாபா, இது என்ன வாடை?"

"அதுதான் மன்னா தூரதேச மணம். பழகப் பழகப் பிடிக்கும்."

ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். ஒரே வாரத்தில் இடுப்புக் கச்சை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. பாவம், வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. முத்திரை விழுந்துவிட்டதே.

சந்தையைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கு முந்தின நாள், காத்தாயி என்ற கீரைக்காரி மந்திரி வீட்டுக்கு வந்தாள். கோட்டைச் சுவருக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வைத்துக் கீரையும் கத்தரியும் போடுகிறவள்.

"ஐயா, நாளையோட சந்தை இல்லியாம். அடுத்த சந்தைக்கு ரெண்டு நாள் நடக்கணும். நான் நடந்துருவேன், என் கீரை நடக்குமா? மூணு பிள்ளைங்களுக்கும் அதுதானய்யா சோறு."

"காலையில் பறித்ததும் கூடையோடு நேரே அரண்மனை வாசலுக்கு வந்துவிடு."

"காவக்காரங்க அடிப்பாங்களே."

"அடித்தால் என் முதுகில் விழட்டும். நீ வா."

மறுநாள் காலையில் மந்திரியே வாசலில் நின்றார். மைத்துனனின் வண்டிகளை மறித்து ஓரமாக நிறுத்தச் சொன்னார். காத்தாயியை மட்டும் உள்ளே விட்டார். பிரதாபன் ஓட்டமாக ஓடி ராஜாவை அழைத்துவந்தார்.

"பாருங்கள் மன்னா, தங்கள் ஓலையை மந்திரியே மீறுகிறார்."

"மீறவில்லை அரசே, நிறைவேற்றுகிறேன்" என்றார் திருமேனியார். ஓலையை உரக்கப் படித்துவிட்டுக் காவலன் பக்கம் திரும்பினார். "கையை நீட்டப்பா. இந்தக் கூடை எட்டுகிறதா?"

"எட்டுது சாமி."

"பிரதாபரின் மைத்துனன் தோட்டம்?"

"பத்து நாள் வழி. அது எங்க சாமி எட்டும்?"

"எட்டாதது ஆகாது என்று ராஜ முத்திரையே சொல்கிறது. அதனால்தான் வண்டியை நிறுத்தினேன்."

பிரதாபன் குறுக்கிட்டார். "மன்னா, எட்ட என்றால் தூரம். எட்டப் போ என்று சொல்வதில்லையா?"

"சரி, தூரமாகவே இருக்கட்டும். அப்படியானால் எட்டாதது என்றால் என்ன? எழுதிய கவிராயரே சொல்லட்டும்."

"கைக்கு எட்டாதது" என்று கவிராயர் தரையைப் பார்த்து முனகினார்.

ராஜா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் காம்பு பச்சையாக இருந்தது. கீரையில் இன்னும் பனி ஈரம். அப்பாடா என்று வயிற்றுக்குள் ஒரு நிம்மதி பரவியது. முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"என் முத்திரை விழுந்த சொல் மாறாது. எட்டாதது ஆகாதுதான். அந்தக் கூடையை அடுக்களைக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம்."

காத்தாயி மெல்லக் கேட்டாள். "சந்தை, மகராசா?"

"சந்தை அங்கேயே இருக்கட்டும் தாயே. அதைத் தள்ளி வைத்தால் எனக்கு எப்படி எட்டும்?"

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு மாதமாக அடக்கி வைத்த அழுகை. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனியாருக்குப் போட்டார். பிறகு பிரதாபனைப் பார்த்தார்.

"பிரதாபா, இனிமேல் நீ எனக்கு எட்ட இரு."

பிரதாபனுக்கு ஒரு சின்ன ஆசை. "எந்த எட்ட, மன்னா?"

"நான் கூப்பிட்டால் உன் காதில் விழாத எட்ட."

அன்றைக்கே மைத்துனனின் வண்டியில் ஏற்றி அவரை ஊருக்கு அனுப்பினார்கள். பத்து நாள் வழி. வழியில் சாப்பாட்டுக்கு வண்டியிலிருந்த கத்தரிக்காய்தான்.