சம்பங்கிப் பாத்தியில் பூனைக்காலி

வீரசிங்க ராயருக்கு எதிலும் அவசரம். பால் காய்வதற்குள் ஆடை கேட்பார். படை புறப்படுவதற்குள் வெற்றிச் செய்தி கேட்பார். அப்படிப்பட்டவருக்குச் சம்பங்கிப் பூமேல் ஆசை வந்துவிட்டால் தோட்டக்காரன் பாடு என்னவாகும்?

தோட்டக்காரன் மாடக்கண்ணு வேலையில் கெட்டிக்காரன். தூர தேசத்திலிருந்து வந்த சம்பங்கிக் கிழங்குகளை அரண்மனை நந்தவனத்தில் நட்டான். பெருச்சாளி தோண்டாமலிருக்கப் பாத்தி முழுக்க இலந்தை முள்ளைப் பரப்பிவிட்டுப் பொழுது சாய வீட்டுக்குப் போவான். என்ன பரப்பி என்ன? விடிந்து வந்தால் முள் ஒருபக்கம், மண் ஒருபக்கம். பெருச்சாளி வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

ராயர் சபையில் குதித்தார். "முள் போடாமல் ஏமாற்றுகிறான் சோம்பேறி! நாளைக்கும் பாத்தி இப்படிக் கிடந்தால், குடும்பத்தோடு ஊரைவிட்டே போகட்டும்!"

மாடக்கண்ணுவின் மனைவி நிறைமாதக்காரி. அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? ஏகாம்பரத்திடம் ஓடினான். சபையில் விகடம் பேசியே வயிறு வளர்ப்பவர் ஏகாம்பரம்.

"சாமி, சத்தியமா முள்ளு போட்டேன். பெருச்சாளி எப்படி சாமி முள்ளை எடுத்து ஓரமா வைக்கும்? அதுக்குக் கையா இருக்கு?"

"நீ கேட்டதுதானடா கேள்வி!" என்று ஏகாம்பரம் போய்ப் பாத்தியைக் கிளறிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. கண்டதைச் சொன்னால் தம் தலை போகும். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தெருவில் நிற்பாள்.

"பூனைக்காலிக் காய் பறித்து வா. அதன் சுணையை முள்மேல் தூவிவிட்டுப் போ. உன்மேல் பட்டுவிடாமல் பார்த்துக்கொள், அரிப்பு உயிரை வாங்கிவிடும்" என்றார்.

மறுநாள் சபை கூடியது. ராயரின் கண் சிவந்திருந்தது. மூட்டைப்பூச்சி என்று நினைத்து இரவெல்லாம் கட்டில் மாற்றிப் படுத்தவர், இப்போது சிம்மாசனத்தில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் எழுந்தார். "மகாராஜா, திருடன் அகப்பட்டான். முள்மேல் பூனைக்காலிச் சுணை போட்டுவைத்தேன். முள்ளை விலக்கிய மிருகம் இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும்."

ராயரின் கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நிற்கும்? முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொறிந்தார். மந்திரி கூரையைப் பார்த்தார். சேனாதிபதி மீசையைக் கடித்தார்.

"அந்த மிருகத்துக்கு என்ன தண்டனை, மகாராஜா?"

"பாவம், வாயில்லா ஜீவன். மன்னித்துவிடுவோம்."

"அப்படியானால் மாடக்கண்ணு?"

"அவன்மேல் என்னய்யா தப்பு? சௌக்கியமாக இருக்கட்டும்! அது சரி, இந்த அரிப்புக்கு என்ன மருந்து?"

"பசுஞ்சாணி, மகாராஜா."

சபை கலைந்தது. முழங்கை வரை சாணி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த ராயர், ஏகாம்பரத்தை அருகில் அழைத்தார்.

"ஓய், முளைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினமும் போய்த் தோண்டினேன். பார்த்தபின் ஒழுங்காகப் புதைத்தும் வைத்தேன். முள்ளைத் திரும்பப் போட மறந்ததும், வெட்கப்பட்டுப் பழியை அவன்மேல் போட்டதும் தப்புதான்; மிச்சமெல்லாம் பெருச்சாளி வேலை. நான்தான் என்று உமக்கு எப்படித் தெரிந்தது?"

"முளைக்குமுன் தோண்டிப் பார்க்கும் அவசரம் இங்கே வேறு யாருக்கு, மகாராஜா? பெருச்சாளி கிழங்கைத் தின்னும். தலைகீழாக நட்டுவைக்காது."

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார், சாணியோடு.