நான்கு சிலிண்டர்களும் ஓர் எடைமேடையும்

ஞானப்பாடல்கள் கற்பிக்கும் தவநங்கை அம்மைக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய மாணாக்கர் மாசிலாமணிக்கோ அறுபத்து நான்கு. அனல்மின் நிலையத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொதிகலன்களைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

ஆண்டுதோறும் தை மாதத்தை அம்மை மலையுச்சியில் மௌனமாகக் கழிப்பார். ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறிய கேரவன்தான் அந்த ஒரு மாதத்துக்கு அவருக்கு வீடு. உடன் ஒரே ஒருவரைத்தான் அழைத்துச் செல்வார். பதினோராண்டு காத்திருந்த மாசிலாமணிக்கு இவ்வாண்டுதான் அந்த அழைப்பு வந்தது.

"மேலே சமைக்க எரிவாயு வேண்டும். எந்த அளவுச் சிலிண்டர் என்று பார்த்து வாங்கிவிடுங்கள், ஐயா" என்று மட்டும் அம்மை சொன்னார்.

மாசிலாமணி மூன்று நாள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். கடைக்காரர் ஐந்து கிலோச் சிலிண்டரைக் காட்டியபோது சிரித்துவிட்டார். வீட்டுக்கு வாங்கும் பதினான்கு கிலோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உணவகங்களுக்குப் போகும் பத்தொன்பது கிலோவில் நான்கு எடுத்தார். சமையலுக்கு ஒன்று, உறைபனிக் காலையில் வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்கும் ஒன்று, இரண்டுக்கும் மாற்றாக இரண்டு. எதற்கும் ஒரு மாற்று வேண்டும் என்பது கொதிகலன் அறை அவருக்குக் கற்பித்த வேதம்.

கேரவனின் முன்புறத்தில் இரும்புக்கூண்டு அடித்து, நான்கையும் நிமிர்த்தி நிறுத்தித் திருகாணி போட்டு முடுக்கினார். மற்ற மாணாக்கர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மலையிலே சமைக்கப் போகிறாரா, மலையையே சமைக்கப் போகிறாரா என்று ஒருவர் கேட்டார். அம்மை கூண்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மலையடிவாரச் சோதனைச்சாவடியை அவர்கள் அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. அங்கே புதிதாக ஓர் எடைமேடை முளைத்திருந்தது. காவலர் போஜன் குல்லாயைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"மழையில பாதி ரோடு ஆத்தோட போயிருச்சுங்க. வண்டி, ஆளு, சாமான் எல்லாம் சேர்ந்து மூணு டன்னு. ஒரு கிலோ கூடினாலும் தடுப்புக் கம்பத்தத் தூக்க மாட்டேன்."

நான்கு மணிக்குக் கம்பம் இறங்கினால், பழுது பார்க்கும் வேலைக்காக ஒரு மாதம் ஏறாது என்பதையும் அவர் சொன்னார். மாசிலாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோராண்டுக் காத்திருப்பு இன்னும் ஒரு மணி நேரத்தில் கைக்கு வரும், அல்லது கைநழுவும்.

ஜீப்பும் கேரவனுமாக மேடையில் ஏற்றினார். எடை காட்டும் பலகையில் சிவப்பு எண்கள் எரிந்தன: மூவாயிரத்து நூற்றைம்பது.

அவர் நம்பவில்லை. மனக்கணக்காக மறுபடி கூட்டிப் பார்த்தார். அப்போதுதான் அது உறைத்தது. எரிவாயுவின் எடையைக் கூட்டியிருந்தார். அதை அடைத்து வைத்திருக்கும் இரும்பின் எடையைக் கூட்டவில்லை. இரும்பும் வாயுவுமாக ஒவ்வொரு சிலிண்டரும் முப்பத்தாறு கிலோ. அனல்மின் நிலையத்தில் எரிபொருள் தொட்டிகள் தரையில் நிற்கும். அவற்றை எவரும் சுமந்து திரிவதில்லை.

சிலிண்டர்களில் சிலவற்றை இறக்கிவிடலாமே என்றார் போஜன். மாசிலாமணி தலையசைத்து மறுத்துவிட்டு, நீர்த்தொட்டியின் குழாயைத் திறந்தார். மேலே ஊற்று இருக்கிறது. ஐம்பது குறைந்தது.

அடுத்து அம்மையின் சுவடிப்பெட்டியும் படுக்கைப் பலகையும் இறங்கின. பாடல்கள் அம்மைக்கு மனப்பாடம். படுக்க வெறுந்தரை போதும். முப்பது குறைந்தது.

அதன்பின் அரிசி மூட்டையும் பாத்திரங்களும் வெளியே வந்தன.

"அரிசியையும் இறக்கிட்டீங்களா? அப்ப மேல போயி எதை வேக வைப்பீங்க, கல்லையா?" என்று போஜன் கேட்டார்.

மேலே தேயிலைத் தோட்டத்துக் கடையில் அரிசியும் பாத்திரமும் கிடைக்கும், எரிவாயு கிடைக்காது என்று மாசிலாமணி நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இருபது குறைந்தது.

அம்மை இவ்வளவு நேரமும் ஜீப்பின் முன்னிருக்கையில் அமர்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஐம்பது கிலோ. தாமே இறங்கிவிடலாமா என்றுகூட மாசிலாமணி எண்ணினார். ஆனால், அம்மைக்கு வண்டியோட்டத் தெரியாது. மாசிலாமணி மறுபடி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சன்னல் வழியே தலையை நீட்டிக் காவலரிடம் வாதாடினார். முதல் சிலிண்டர் இன்னின்னதற்கு, இரண்டாவது இன்னின்னதற்கு. மூன்றாவது ஏன் இன்றியமையாதது என்று விளக்கிக்கொண்டிருக்கையில் பலகையில் எண்கள் துடித்தன.

மூவாயிரம்.

"பார்த்தீர்களா? பிழை உங்கள் இயந்திரத்தில்தான்" என்றார் மாசிலாமணி. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"சரியாயிருச்சுங்க. கிளம்புங்க" என்று போஜன் கம்பத்தைத் தூக்கினார்.

மாசிலாமணி அம்மையிடம் மகிழ்ச்சியைச் சொல்லத் திரும்பினார்.

இருக்கை வெறுமையாக இருந்தது.

அவர் கை சாவியின் மேல் அப்படியே நின்றது. இடப்பக்கக் கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டிருந்தது. அதற்கப்பால், எடைமேடைக்கு வெளியே, சரளைக்கல்லின் மேல் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு அம்மை நின்றார். காலடியில் அரிசி மூட்டை. பக்கத்தில் படுக்கைப் பலகை.

வாழ்நாளில் ஒருமுறை மாசிலாமணி கொதிகலன் வெடித்ததைப் பார்த்ததுண்டு. அன்றுகூடக் கால்கள் ஓடின. இன்று அசையவில்லை. கீழே இறங்கியது எப்படி என்பது அவருக்கே தெரியாது.

"அம்மா, ஏறுங்கள்."

"ஏறினால் கூடிவிடும், ஐயா."

"நீங்கள் இல்லாமல் நான் எங்கே போவேன்? இவ்வளவும் உங்களுக்காகத்தானே! அந்தக் குளிர் உங்களை வாட்டக்கூடாது என்றுதானே!"

"தெரியும். எனக்காக நீரைத் திறந்துவிட்டீர்கள். எனக்காகப் படுக்கையை இறக்கினீர்கள். எனக்காக அரிசியை இறக்கினீர்கள். எனக்காக இறக்குவதற்கு இன்னும் என்ன மிச்சம் என்று பார்த்தேன். நான்தான் இருந்தேன்."

போஜன் தூக்கிய கம்பத்தைப் பிடித்தபடியே, இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாசிலாமணி திருகுச்சாவியை எடுத்தார். முதல் திருகாணி மூன்று முறை வழுக்கியது. ஒன்றை இறக்கினார். இரண்டாவதை இறக்கினார். போதும், அம்மா ஏறிக்கொள்ளலாம் என்று போஜன் கணக்குச் சொன்னது அவர் காதில் விழவில்லை. மூன்றாவதையும் சுமந்துபோய்ச் சாவடிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மூச்சிரைக்க வந்து நான்காவதன் திருகாணியில் சாவியை வைத்தார்.

அவர் கையின் மேல் அம்மை கை வைத்தார்.

"இது இருக்கட்டும், ஐயா. அரிசியை ஊறவைத்தா தின்பது?"

போஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். பாத்திரங்களும் பலகையும் சுவடிப்பெட்டியும் ஒவ்வொன்றாக ஏறின. அம்மை இருக்கையில் அமர்ந்தார். எண்கள் மூவாயிரத்துக்குள் அடங்கின. நான்கு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

மாசிலாமணி வண்டியைக் கிளப்பினார். முதல் வளைவு கடந்தது, இரண்டாவது கடந்தது. மூன்றாவது வளைவில் அவரால் அடக்க முடியவில்லை.

"அம்மா, ஒரே ஒரு சிலிண்டர். மாதம் முடியுமுன் அது தீர்ந்துவிட்டால்?"

அம்மை மூடுபனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தீர்கிற அன்றைக்கு நாம் இரண்டு பேர் இருப்போம், ஐயா."